எறும்பைத் தொடாமல் எறும்பை அடக்கிய கதை: கிறிஸ்மஸ் தீவும் நம் புறாமலையும்

கிறிஸ்மஸ் தீவு என்ற பெயர் திருகோணமலையில் பலருக்குத் தெரியும். படகேறிப் போன பிள்ளைகள், அங்கே 2008இல் திறக்கப்பட்ட தடுப்பு முகாம், எப்போது வரும் என்று தெரியாத தொலைபேசி அழைப்பு. அந்தப் பெயர் நம் வீடுகளுக்குள் வந்த வழி அது. அந்த வேதனையைத் தனியாகத்தான் எழுத வேண்டும். இங்கே நான் எடுத்துக்கொள்வது அதே தீவின் காட்டுக்குள் நடந்த இன்னொரு விடயம்.

எங்கிருந்தோ வந்த ஓர் எறும்பு கோடிக்கணக்கான நண்டுகளைக் கொன்று, ஒரு காட்டின் போக்கையே மாற்றியது. முதலில் எறும்புக்கு நஞ்சு வைத்தார்கள். எறும்பு செத்தது, திரும்பவும் வந்தது. பிறகு, எறும்புக்கு யார் சாப்பாடு போடுகிறார்கள் என்று தேடினார்கள். விடை கிடைத்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. நிலாவெளிக்கு எதிரே கடலில் கிடக்கும் நம் புறாமலைத் தீவுக்கு அந்தத் தேடல் அப்படியே பொருந்தும் என்று நான் நினைக்கிறேன்.

தீவு எப்படிப்பட்டது

ஆட்சி அவுஸ்திரேலியாவுடையது. ஆனால் பக்கத்தில் இருப்பது ஜாவா. அதன் தெற்கே ஏறத்தாழ 350 கிலோமீட்டர். பரப்பு 135 சதுர கிலோமீட்டர். மிக உயர்ந்த இடம் 361 மீட்டர். ஆழ்கடலின் அடியிலிருந்து எழுந்த ஓர் எரிமலையின் தலை அது. எரிமலை அடங்கிய பின் மெல்லத் தாழ்ந்தது. தலையில் பவளம் வளர்ந்து சுண்ணக்கல்லானது. பிறகு நிலம் மறுபடி உயர்ந்தது. அதனால் தீவின் கரை கடலிலிருந்து படிப்படியாக ஏறுகிறது. உள்ளே கறுத்த எரிமலைப் பாறை, மேலே சுண்ணக்கல் மூடி. மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, எரிமலைப் பாறையில் தட்டுப்பட்டு, பக்கவாட்டில் ஊற்றாக வெளிவருகிறது. ஹொஸ்னீஸ் ஊற்று என்ற இடத்தில் இப்படி வரும் நீரில் கண்டல் மரங்கள் நிற்கின்றன, கடல்மட்டத்திலிருந்து 20 மீட்டருக்கும் மேலே. கிண்ணியாவிலும் மூதூரிலும் கண்டலை உப்புச் சேற்றில் பார்த்தே பழகிய நமக்கு இது நம்ப முடியாத காட்சி.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளைக் காட்டி, நம் ஊரும் எரிமலைப் பூமிதான் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படியில்லை. இலங்கை மிகப் பழைய கண்டப் பாறையில் நிற்கிறது. கன்னியாவின் சூடு, நிலத்தின் ஆழத்துக்கு இறங்கிய நீர் அங்கே சூடேறித் திரும்புவதால் வருவது. புறாமலையும் எரிமலையால் பிறந்ததல்ல. இந்த வேறுபாட்டைச் சொல்லிவிடுவது அவசியம். ஏனென்றால் நடுக்கடலில் பிறந்த தீவு எந்தக் கண்டத்தோடும் ஒட்டி இருந்ததில்லை. பறந்தோ மிதந்தோ வந்து சேர்ந்தவை மட்டுமே அங்கே குடியேறின. மான் வரவில்லை, மாடு வரவில்லை, தரையில் மேயும் பெரிய விலங்கு எதுவும் வரவில்லை. அந்த வேலையை நண்டு எடுத்துக்கொண்டது.

நண்டு செய்யும் வேலை

கிறிஸ்மஸ் தீவின் சிவப்பு நண்டு நிலத்து நண்டு. வருடத்தின் பெரும்பகுதி காட்டுக்குள் வளை தோண்டி ஈரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். உதிர்ந்த இலை, விழுந்த பழம், முளைவிடும் கன்று எல்லாவற்றையும் தின்னும். எறும்பு பெருகுவதற்கு முன் இவை 4 கோடிக்கும் மேல் இருந்தன என்பது மதிப்பீடு. இத்தனை வாய்கள் தின்றால் தரையில் என்ன மிஞ்சும்? அந்தக் காட்டுத் தரை பெருக்கி விட்ட முற்றம் போல வெறுமையாக இருக்கும். எந்தக் கன்று மரமாகலாம், எது ஆகக்கூடாது என்பதை நண்டுதான் முடிவு செய்கிறது. தின்றதன் கழிவு மண்ணுக்கு உரமாகிறது, வளைகளால் மண்ணுக்குக் காற்று போகிறது.

மழைக்காலம் தொடங்கும்போது, பெரும்பாலும் ஒக்டோபர் நவம்பரில், அவை எல்லாம் கடலை நோக்கி நடக்கின்றன. ஆண் நண்டுகள் முன்னே போய்க் கரையோரத்தில் வளை தோண்டும். இணைசேர்ந்ததும் அவை காட்டுக்குத் திரும்பிவிடும். பெண் நண்டு ஏறத்தாழ இரண்டு வாரம் அந்த வளையிலேயே முட்டைகளைச் சுமந்து காத்திருக்கும். ஒன்றிடம் ஒரு இலட்சம் முட்டை வரை இருக்கலாம். தேய்பிறையின் அரைநிலவு நாட்களில், விடியுமுன், பெருக்கு வற்றத் தொடங்கும் நேரம் பார்த்து முட்டைகளைக் கடலில் உதறிவிடும். நிலவையும் நீரோட்டத்தையும் பார்த்துத் தொழில் செய்யும் நம் கடற்றொழிலாளிக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மழை பிந்தினால் நடையும் பிந்தும். ஆனால் முட்டை விடும் நாள் நிலவோடு கட்டுண்டது. அதனால் பிந்திப் புறப்பட்ட வருடத்தில் நண்டுகள் நிற்காமல் விரைந்து நடக்கும்.

குஞ்சுகள் ஒரு மாதமளவு கடலில் மிதந்து, பல உருமாற்றங்களுக்குப் பிறகு, விரல்நகத்திலும் சிறிய நண்டாகக் கரையேறும். பெரும்பாலான வருடங்களில் மிகச் சொற்பமே திரும்பும். மீன்களும் திமிங்கிலச் சுறாக்களும் தின்று தீர்த்துவிடும். எப்போதாவது ஒரு வருடம் கரை முழுக்கச் செம்புழுதி படிந்ததுபோல் குஞ்சுகள் வந்து ஏறும். அந்த ஒரு வருடம்தான் பல வருடங்களுக்கான கைமுதல்.

இந்த நாட்களில் வீதிகளை மூடுகிறார்கள். வீதிக்கு அடியில் சுரங்க வழிகள் உண்டு, நண்டுகளை அவற்றை நோக்கித் திருப்ப ஓரத்தில் தடுப்புகள் உண்டு, ஓரிடத்தில் வீதிக்கு மேலே 5 மீட்டர் உயரத்தில் நண்டுப் பாலமே கட்டியிருக்கிறார்கள். காரில் போகிறவர் இறங்கிப் பெருக்குமாற்றால் நண்டுகளை மெதுவாக ஒதுக்கிவிட்டுப் போவதும் அங்கே வழக்கம். அங்கு வாழ்பவர்கள் 2,000 பேருக்கும் குறைவு. சீன, மலாய் வம்சத்தவர் பலர். ஃபொஸ்பேட் சுரங்கத்துக்குக் கூலியாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள் அவர்கள்.

எறும்பு

அந்தச் சுரங்கமே இந்தக் கதையின் வாசலும் ஆனது. 1890களிலிருந்து கப்பல்கள் வந்து போயின. 1915க்கும் 1934க்கும் இடையில் ஏதோ ஒரு சரக்கோடு மஞ்சள் பைத்திய எறும்பு இறங்கியது. கலைத்தால் திசையில்லாமல் வெறிபிடித்ததுபோல் ஓடும் என்பதால் அந்தப் பெயர். நீண்ட காலும் மெலிந்த உடலும். கடிப்பதில்லை, ஃபோமிக் அமிலத்தைப் பீய்ச்சும். இது இலங்கையிலும் இருக்கும் எறும்புதான். 2022இல் தமிழ்நாட்டில் திண்டுக்கல் மாவட்டத்துக் கரந்தமலைக் கிராமங்களில் ஆடுமாடுகளின் கண்களைப் பாதித்ததாகச் செய்தியில் வந்ததும் இதே எறும்புதான்.

கிறிஸ்மஸ் தீவில் அது அரை நூற்றாண்டுக்கும் மேல் அடங்கிக் கிடந்தது. 1989இல்தான் முதல் பெருங்குடியிருப்பைக் கண்டார்கள். சாதாரணமாக ஒரு புற்று எறும்பு அடுத்த புற்று எறும்பை எதிரியாகப் பார்க்கும். இங்கே அந்தப் பகை இல்லை. ஒவ்வொரு புற்றிலும் பல இராணிகள். புற்றும் புற்றும் கலந்து ஒரே நாடாகிவிடும். ஒரு சதுர மீட்டர் தரையில் ஆயிரக்கணக்கான எறும்புகள். 1990களின் இறுதியில் இது கட்டுக்கடங்காமல் விரிந்தது. 2002இல் ஏறத்தாழ 2,500 ஹெக்டேயர், அதாவது காட்டின் கால் பங்கு அளவு, எறும்பின் கையில் இருந்தது.

நண்டுக்கு ஓடு கடினம், கண்ணும் வாயும் மூட்டுகளும் மென்மை. அமிலம் பட்டதும் கண் தெரியாமல் போகும். உடம்பின் நீர்ச்சமநிலை குலைந்து ஓரிரு நாளில் சாகும். எறும்பு இருக்கும் பகுதியில் வாழ்ந்த நண்டுகள் மட்டும் சாகவில்லை. தூரத்துக் காட்டிலிருந்து கடலுக்குப் புறப்பட்டவை வழியில் எறும்புப் பகுதியைக் கடக்கும்போது செத்தன. அதனால் எறும்பே இல்லாத காடுகளிலும் நண்டு காணாமல் போனது. 1 கோடி முதல் 1½ கோடி நண்டுகள் இப்படி அழிந்தன என்று கணக்கிட்டார்கள்.

நண்டு போன இடத்தில் காடு மாறியது. தரையில் இலைக்குப்பை குவிந்தது, கன்றுகள் நெருக்கமாக முளைத்தன. பார்ப்பதற்குச் செழிப்பாகத் தெரியும். ஆனால் மேலே பெரிய மரங்கள் நலிந்துகொண்டிருந்தன. இன்னொன்றும் நடந்தது. மாரியில் நம் தோட்டங்களைத் தின்று தொலைக்கும் பெரிய ஆபிரிக்க நத்தை அந்தத் தீவிலும் உண்டு. பல காலமாக அது மனிதர் குழப்பிய இடங்களில் மட்டும் இருந்தது; காட்டுக்குள் நுழைந்தால் நண்டு தின்றுவிடும். நண்டு இல்லாமல் போனதும் நத்தை காட்டுக்குள் போய்விட்டது. வெளியிலிருந்து வந்த ஒன்று, வெளியிலிருந்து வந்த இன்னொன்றுக்குக் கதவு திறந்துவிட்டது. இந்தக் கதையில் என்னை அதிகம் பயமுறுத்திய பகுதி இதுதான். ஒரு பூச்சியின் கேட்டை மட்டும் கணக்கிட்டால் போதாது என்று இது சொல்கிறது.

நஞ்சு

2002 செப்டெம்பரில் ஹெலிகொப்டரிலிருந்து ஃபிப்ரோனில் என்ற பூச்சிநாசினி கலந்த இரையை எறும்பின் பெருங்குடியிருப்புகள் மேல் தூவினார்கள். 2009, 2012 ஆண்டுகளிலும் அப்படிச் செய்தார்கள். தூவிய இடத்தில் எறும்பு கிட்டத்தட்ட முழுமையாக விழுந்தது. அந்த அவசரத்தில் வேறு வழி இருக்கவில்லை. அதைச் செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் ஃபிப்ரோனில் எறும்பையும் நண்டையும் வேறுபடுத்தாது. சிவப்பு நண்டுகள் வளைக்குள் இருக்கும் வறண்ட காலம் பார்த்துத் தூவ வேண்டியிருந்தது. தென்னை நண்டு என்ற மிகப் பெரிய நிலநண்டு இரையின் வாசத்துக்கு வந்துவிடும்; அதை வேறு உணவு வைத்துத் திசைதிருப்ப வேண்டியிருந்தது. நீர்நிலைகளின் அருகே தூவ முடியாது. செலவு பெரிது. எல்லாம் செய்து முடித்தாலும் சில வருடங்களில் எறும்பு மறுபடி எழுந்தது.

சாப்பாடு போட்டது யார்

எறும்பின் பெருக்கத்துக்குக் காரணம் மரத்தின் மேலே இருந்தது. செதில் பூச்சி. மரத்தின் சாற்றை உறிஞ்சி, மிச்சத்தை இனிப்புக் கசிவாக வெளியே விடும். எறும்பு அந்த இனிப்பைக் குடிக்கிறது. பதிலுக்குச் செதில் பூச்சியை எதிரிகளிடமிருந்து காக்கிறது. பாதுகாப்பு கிடைத்ததும் செதில் பூச்சி பெருகும், இனிப்பு பெருகும், எறும்பு பெருகும். எறும்பு குடித்தது போக மிஞ்சிய கசிவு இலைகளில் விழுந்து கரும்பூசணம் பிடிக்கும். பெரிய மரங்கள் நலிந்தது இதனால்தான். அந்தச் செதில் பூச்சிகளில் முக்கியமான மஞ்சள் அரக்குச் செதில் பூச்சியும் வெளியிலிருந்து வந்ததே. தென்கிழக்காசியாவில் அதை அடக்கி வைக்கும் எதிரிகள் உண்டு. தீவுக்கு அது மட்டும் வந்தது, எதிரி வரவில்லை.

அவுஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்து பார்த்த சோதனை எளிமையானது. எறும்பு செதில் பூச்சியிடம் போக முடியாமல் தடுத்தார்கள். சில வாரங்களிலேயே தரையில் எறும்பின் நடமாட்டம் படுத்துவிட்டது. அத்தனை பெரிய படைக்கும் அடுப்பு ஒன்றுதான் என்று தெரிந்தது.

அடுத்தது, அந்த அடுப்பை அணைக்கும் உயிர். மலேசியாவில் ஒரு நுண்குளவி கிடைத்தது. நீளம் 2 மில்லிமீட்டர் அளவு. மனிதரைக் கொட்டாது. பெண் குளவி செதில் பூச்சிக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்து தின்று வெளிவரும். 1935இல் கரும்புத் தோட்டங்களுக்கு என்று தேரையைக் கொண்டுவந்து இன்றுவரை அதன் கேட்டை அனுபவிக்கும் நாடு அவுஸ்திரேலியா. ஆகவே இன்னொரு அந்நிய உயிரை இறக்க யாரும் அவசரப்படவில்லை. அந்தக் குளவியை மற்ற வகைச் செதில் பூச்சிகளோடு விட்டுப் பார்த்தார்கள்; அவற்றை அது தாக்கவில்லை. எறும்பின் காவல் இருக்கும்போதும் அது செதில் பூச்சியை எட்டுமா என்று பார்த்தார்கள், எட்டியது. 2016 டிசம்பரில் தீவில் விட்டார்கள்.

இதை நம்ப மறுப்பவர்களுக்கு நம் வீட்டுக் கோடியிலேயே சாட்சி உண்டு. 2008இல் இலங்கைக்குள் வந்த வெண்பஞ்சுப் பூச்சியால் பப்பாசி மரங்கள் எல்லாம் வெள்ளை பூத்து நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். எண்ணெய், சோப்புத் தண்ணீர், கிருமிநாசினி என்று அடித்துப் பார்த்தவர்கள் அநேகர். 2009இல் விவசாயத் திணைக்களம் தருவித்து விட்ட ஒரு சிறு குளவிதான் அதை அடக்கியது.

கிறிஸ்மஸ் தீவில் குளவி பரவியது, நண்டுகளும் கூடின. அண்மைய ஆண்டுகளில் நண்டு 10 கோடியைத் தாண்டியிருக்கலாம் என்று தீவின் தேசிய பூங்காவினர் மதிப்பிட்டிருக்கிறார்கள். இதில் ஒரு நிதானம் தேவை. குஞ்சுகள் பெருமளவில் கரையேறிய நல்ல வருடங்கள் சில அடுத்தடுத்து வந்தன. கூடியதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. எறும்பும் முற்றாக ஒழியவில்லை, கண்காணிப்பு தொடர்கிறது.

மீளாதவை

நண்டின் மீட்சியைச் சொல்லும்போது, அதே தீவில் மீளாமல் போனவற்றை மறைக்கக்கூடாது. 1899இல் ஒரு கப்பலில் வந்த கறுப்பு எலிகள் நோயைக் கொண்டுவந்தன. தீவுக்கே உரிய இரண்டு எலி இனங்கள் சில வருடங்களில் இல்லாமல் போயின. அருங்காட்சியகத்தில் இருந்த பழைய எலித்தோல்களின் டிஎன்ஏவைப் பரிசோதித்து 2008இல் அந்த நோய்க்கிருமியை உறுதி செய்தார்கள். அந்த எலிகள் நண்டுகளைத் தின்று கட்டுப்படுத்தி வந்திருக்கலாம் என்று ஒரு கருத்தும் உண்டு; அது சரியென்றால் நாம் வியக்கும் நண்டுப் பெருக்கமே ஓர் இழப்பின் விளைவு.

தீவின் சிறு வௌவால் இன்னும் கொடுமை. குறைந்து வருகிறது என்று வருடக்கணக்காக எச்சரித்தார்கள். பிடித்து வளர்க்க அனுமதி கிடைத்துத் தேடியபோது காட்டில் ஒன்றே ஒன்றின் ஒலி மட்டும் கருவியில் பதிந்தது. 2009 ஓகஸ்டில் அதுவும் நின்றது. நீலவால் அரணையையும் ஒரு பல்லி இனத்தையும் கடைசி நேரத்தில் பிடித்து வளர்த்ததால் அவை இன்று உயிரோடிருக்கின்றன. காட்டில் அவற்றைத் தின்னும் ஓநாய்ப் பாம்பு 1980களில் சரக்கோடு வந்து இன்னும் அங்கேயே இருக்கிறது.

புறாமலையில் யார் சாப்பாடு போடுகிறார்கள்

நிலாவெளியிலிருந்து ஒரு கிலோமீட்டர் அளவு தள்ளி இருக்கிறது புறாமலை. 1963இல் சரணாலயம், 2003இல் தேசிய பூங்கா. பூங்காவின் 471 ஹெக்டேயரில் பெரும்பகுதி கடல்; நிலம் என்பது இரண்டு சிறு பாறைத் தீவுகள்தான். ஆங்கிலேயர் காலத்தில் சுடும் பயிற்சிக்குப் பயன்பட்ட இடம். கலப்பில்லாத காட்டு மாடப்புறா இலங்கையில் அடைகாக்கும் மிகச் சில இடங்களில் ஒன்று. சுற்றிலும் பவளம், கரையோரம் கருமுனைச் சுறாக்கள்.

புறாமலைக் கரைக்குப் போகிறவர்களில் பலர் சோற்றுப் பார்சலும் பணிசும் கொண்டு போகிறார்கள். லஞ்ச் ஷீட் ஒட்டிய சோறும் மீன்முள்ளும் பாறையிடுக்கில் கிடக்கின்றன. திருகோணமலைக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் பொலித்தீனோடு சேர்த்து மிச்சத்தைத் தின்பதைப் பார்த்த ஊர் இது. மிச்சச் சோறு ஓர் உயிரை எங்கே கொண்டுபோய் விடும் என்று நமக்குத் தெரியும். ஒரு சிறு பாறைத் தீவு தானாக எத்தனை காகத்துக்கும் எலிக்கும் தீனி போட முடியும்? வறண்ட காலத்தில் மிகக் கொஞ்சம். நாம் கொண்டுபோகும் சோறு அந்த எல்லையை உடைக்கிறது. சோறு கிடைக்காத நாளில் அதே காகமும் எலியும் பாறையிடுக்கில் இருக்கும் முட்டையைத் தேடும். எலிக்கு நஞ்சு வைக்கலாம், காகத்தைக் கலைக்கலாம். தீனி தொடரும்வரை அவை திரும்பி வரும்; ஹெலிகொப்டரில் நஞ்சு தூவியவர்கள் கண்டது அதைத்தான்.

கடலுக்குள்ளும் இதே கேள்வி இருக்கிறது. பவளத்தைத் தின்னும் முட்கிரீட நட்சத்திர மீன் திருகோணமலைக் கடலில் 1970களில் பெருகியது பதிவாகியிருக்கிறது. நிலத்திலிருந்து வடியும் உரமும் கழிவும் கடலின் நுண்பாசியைப் பெருக்க, அதைத் தின்று அந்த மீனின் குஞ்சுகள் பிழைத்துக்கொள்கின்றன என்பது ஒரு முக்கியக் கருதுகோள். சுழியோடிகள் அவற்றைப் பொறுக்கி எடுப்பது நல்ல வேலைதான். நிலாவெளிக் கரையின் விடுதிகளிலிருந்தும் வயல்களிலிருந்தும் கடலுக்கு என்ன போகிறது என்று பார்ப்பது அதைவிட முக்கியம்.

சரி, தொடங்குவது எங்கே? என் எண்ணத்தில் படகேறும் கரையில். தீவுக்குச் சாப்பாடு வேண்டாம், சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள் என்று படகோட்டிகளே சொல்லலாம். அரை நாள் பயணத்துக்குத் தண்ணீர்ப் போத்தல் போதும். திரும்பி வரும் பயணிகளுக்குக் கரையில் சாப்பாடு விற்கலாம். அந்த வருமானம் நிலாவெளியிலேயே நிற்கும். படகில் ஏறும் சாமான்களை எலியும் எறும்பும் இருக்கிறதா என்று உதறிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

அப்புறம், தீவில் இப்போது எலி எவ்வளவு நடமாடுகிறது என்று அறிய வேண்டும். அதற்குப் பெரிய கருவி தேவையில்லை. அரைத்த கச்சான் தடவிய அட்டைகளைப் பாறையிடுக்குகளில் வைத்து, சில நாட்களில் எடுத்துப் பற்குறிகளை எண்ணினால் போதும். பல தீவுகளில் எலியைக் கணிக்கும் முறை இதுதான். வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியோடு ஒரு பாடசாலையின் விஞ்ஞானக் கழகமே இதைச் செய்து விடலாம். கிழக்குக் கரையில் பயணிகள் கூட்டம் சித்திரையில் தொடங்குகிறது. ஆகவே முதல் எண்ணிக்கையை மாசி, பங்குனியில் எடுத்துவிட வேண்டும், இரண்டாவதைக் கூட்டம் ஓயும் புரட்டாதியில்.